நீலக்கோடு அழிந்த சனிக்கிழமை

"ஆருகா இதை அழிச்சது?"

நேர்ஸ் நபீஸாவின் குரல் கேட்டு அந்தக் கிளினிக்கின் நடைபாதை முழுவதும் திரும்பிப் பார்த்தது. நிருஷா மட்டும் திரும்பவில்லை. குனிந்து தன் இடது காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். முழங்காலோடு முடிந்துபோகும் ஆஸ்பத்திரிப் பச்சைக் கவுணுக்குக் கீழே கால், கழுவித் துடைத்த தட்டுப்போலச் சுத்தமாக இருந்தது. அதுதான் குற்றம்.

அரை மணி நேரத்துக்கு முன்னால் சின்ன டொக்டர் அவளை ஒரு ஸ்டூலில் ஏற்றி நிறுத்தினார். ஒரு கையில் ஸ்கேன் கருவி, மறு கையில் மாக்கர் பேனா. கணுக்காலில் இருந்து தொடை வரைக்கும் புடைத்த நரம்பு நெளிந்து போகும் வழியெல்லாம் நீலக்கோடு கீறினார். படுத்துவிட்டால் நரம்பு வற்றிவிடும். லேசர் போடும்போது வழி தெரியாது. அதனால்தான் நிற்க வைத்துக் கீறுவது. இதையெல்லாம் அவர் அவளுக்குச் சொல்லவில்லை. "வெளியில இருங்க" என்பதோடு முடித்துக்கொண்டார்.

வெளியில் இருந்தாள். எதிர் வாங்கில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு காலை மற்றக் காலுக்குப் பின்னால் ஒளித்தாள்... கோடு தெரிந்தது. கவுணை இழுத்துவிட்டாள்... மறு பக்கம் தெரிந்தது. பத்து வருடமாக யார் கண்ணிலும் படக்கூடாதென்று சீலைக்கு அடியில் மூடி வைத்த கால். அதை நீல மையால் அடிக்கோடிட்டு ஊருக்கே காட்டுவது போல் இருந்தது அவளுக்கு. போதாக்குறைக்கு, இன்னும் கொஞ்ச நேரத்தில் ஒப்பரேஷன் தியேட்டருக்குள் போக வேண்டும். கோயிலுக்குள் போவதென்றாலும் கால் கழுவிக்கொண்டுதானே போகிறோம்? சுவரில் இருந்த சனிடைசர் போத்தலை நாலு தரம் அமுக்கி, உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு கழிவறைக்குப் போனாள். ஒரு புள்ளி மிச்சமில்லாமல் உரஞ்சிவிட்டுத்தான் வந்தாள்.

"அல்லாஹ்வே... ரோட்ட அழிச்சுத்து பஸ்ஸ எப்பிடிகா ஓட்டுற?" நபீஸா தலையில் கை வைத்தாள்.

எதிர் வாங்கில் ஒரு சிரிப்பு. "அது சரிதான் நேர்ஸ். ரோட் இல்லாம பஸ் ஓடாது. நான் கொண்டக்டர், எனக்குத் தெரியாதா?"

நிருஷா நிமிர்ந்து முறைத்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தான். அவனுடைய வலது காலிலும் மேலும் கீழுமாக நீலக்கோடுகள். அவன் அவற்றை ஒளிக்கவில்லை; யாராவது பார்த்தால் பார்க்கட்டுமே என்று காலை நீட்டிக்கொண்டு இருந்தான். கறுத்த முகம். அதில் கண்கள் மட்டும் மழையில் கழுவி விட்டவை போலப் பளிச்சென்று... சே, என்ன கண் வேண்டிக் கிடக்கிறது!

"சிரிக்க என்ன இருக்கு?"

"சிரிக்கிறன் எண்டு நினைக்காதீங்க தங்கச்சி. பெரிய டொக்டர் கண்டியில இருந்து மாசத்துக்கு ஒருக்காத்தான் வாறார். ரெண்டு மணி எண்டா வெளிக்கிட்டுருவார். உங்களுக்குத் திருப்பிக் கீறி முடிய என்ட முறை போயிரும். நீங்க அழிச்சது உங்கட கோட்ட மட்டும் இல்ல."

சொல்லும்போது அவன் சிரிக்கவில்லை. உண்மையாகவே கோபம் இருந்தது. அது அவளுக்கும் கோபத்தை மூட்டியது.

"அப்ப நீங்களே முன்னுக்குப் போங்க!"

அவன் அவளைப் பார்த்தான். பிறகு உதட்டோரம் மெல்ல வளைந்தது.

"காலமையில இருந்து பின்னேரம் வரைக்கும் 'முன்னுக்குப் போங்க, முன்னுக்குப் போங்க' எண்டு கத்துறது நான். என்னைய முன்னுக்குப் போகச் சொன்ன முதல் ஆள் நீங்கதான்."

வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நபீஸாவும் சிரித்தாள். "அப்ப நீ வா மனே. தவரூபன் தானே பேர்? வா, வா..." என்று அவனை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். போகிற போக்கில் அவன் ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். நிருஷா ஜன்னலுக்கு அப்பால் வாவியில் விழுகிற கார்த்திகை மழையைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த மழை அன்று விடியற்காலை சித்தாண்டியில் அவள் பஸ் ஏறும்போதே தொடங்கியிருந்தது. அப்பா வினாயகமூர்த்தி வரவில்லை. வட்டை வயலில் நெல் விதைப்பு நேரம். ஒரு நாள் தவறினாலும் தவறினதுதான். ஆனால் வாசல் வரைக்கும் குடையோடு வந்தார். "வெட்டுக்கொத்து ஒண்டும் இல்லையாம் மகள். ஊசி போட்ட மாதிரி ஒரு ஓட்டையாம். போன அண்டைக்கே வரலாமாம்." ஒரு மாதமாக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். அவளுக்குச் சொல்கிறாரா, தனக்குச் சொல்கிறாரா என்று தெரியாது.

நிருஷாவுக்கு வயது முப்பத்திரண்டு. டவுனில் ஒரு புடவைக்கடையில் பதினொரு வருடமாக வேலை. சீலை வாங்க வருகிறவர்கள் இருப்பார்கள், விற்கிறவள் நிற்பாள். காலை ஒன்பதுக்கு நிற்கத் தொடங்கினால் இரவு கடை மூடும் வரைக்கும் நிற்பாள். கணுக்காலில் முதலில் ஒரு நீல நூல்போல வந்தது. பிறகு அது கயிறானது. பிறகு முடிச்சு முடிச்சாக முழங்காலைத் தாண்டி ஏறியது. கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்தது. ஊரில் அதற்கு நரம்புச் சுருட்டு என்று பெயர். டொக்டர்மார் வேறு பெயர் சொல்வார்கள். என்ன பெயர் சொன்னாலும் அது ஒளித்து வைக்க வேண்டிய ஒன்று.

போன வருடம் வந்த கலியாணம் ஒரு சகதியில் முடிந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று முற்றம் ஈரம். அவள் சீலையைக் கொஞ்சம் தூக்கிச் சேற்றைத் தாண்டினாள்... அவ்வளவுதான். மாப்பிள்ளையின் மாமி கண்டுவிட்டாள். "இந்தக் காலையோ அம்மியில வைக்கப் போறான்?" என்று காதுபடவே சொன்னாள். தேத்தண்ணீர் ஆற முதல் எல்லாரும் எழுந்து போனார்கள்.

இப்போது இன்னொரு சம்பந்தம். கிரான் பக்கத்தில் இருந்து. தரகர் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார். அவர்களும் உள்ளபடி பதில் சொல்லிவிட்டார்கள். கால் சரியானால் தை மாதம் பேசுவோம்.

கால் சரியாக வேண்டும். வேலைக்காகவா? வலிக்காகவா? அதெல்லாம் இருக்கத்தான் செய்தது. ஆனால் நிருஷாவின் மனதில் யாருக்கும் சொல்லாத ஒன்று இருந்தது. மணவறையில் மாப்பிள்ளை குனிந்து பெண்ணின் காலைக் கையில் தூக்கி அம்மியில் வைத்து மெட்டி போடுவானே... அந்த ஒரு நிமிடம். தோழிகளின் கலியாணங்களில் மற்றவர்கள் தாலியைப் பார்க்கும்போது அவள் அந்தக் கையைத்தான் பார்ப்பாள். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் இந்த லேசர் என்றால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

தவரூபனுக்கு முடிந்த பிறகு அவளை உள்ளே கூப்பிட்டார்கள். இந்தத் தடவை கோடு கீறப் பெரிய டொக்டரே வந்தார். கருவி கணுக்காலில் இருந்து ஏறியது. முழங்காலுக்குப் பின்னால் போய் நின்றது. நின்ற இடத்திலேயே அமுக்கியது. இன்னும் கொஞ்சம் மேலே... மறுபடியும் முழங்காலுக்குப் பின்னால். மாக்கர் பேனா மூடி திறக்கப்படவேயில்லை.

"போன மாசம் இந்தக் கால் வீங்கினதா?"

"ஓம்... கொஞ்சம். காய்ச்சலும் காஞ்சது. சுடுதண்ணி ஒத்தடம் போட்டன்."

"ஆரிட்டயாவது காட்டினீங்களா?"

"தீபாவளி வியாபாரம் சேர்... லீவு தரமாட்டாங்க."

அவர் கருவியைக் கீழே வைத்தார். அவருடைய முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் அவர் சொல்லி முடிக்கும் வரைக்கும் ஒரு சின்ன நம்பிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உள்ளுக்க இருக்கிற பெரிய நரம்பில ரத்தம் கட்டி அடைபட்டிருக்கு. இப்ப இந்தக் கால்ல இருந்து ரத்தம் மேல போறதுக்கு மிஞ்சின வழி, நீங்க வேணாமெண்டு சொல்ற இந்தப் புடைச்ச நரம்புதான். இதையும் நான் சுட்டு மூடினா ரத்தம் எதால போகும்?"

"அப்ப... எப்ப செய்யலாம் சேர்?"

"இண்டைக்கே மருந்து தொடங்கணும். மூணு மாசம் பாப்பம். ஆனா இந்தக் காலுக்கு லேசர் சரிவரும் எண்டு நான் உங்களுக்கு வாக்குத் தரமாட்டன்."

ஊசி போட்டார்கள். குளிசை தந்தார்கள். காலை இறுக்கிப் பிடிக்கிற நீளமான ஸ்டொக்கிங் ஒன்றைப் பெட்டியோடு கையில் கொடுத்தார்கள். உடுப்பை மாற்றிக்கொண்டு வந்து நடைபாதை வாங்கில் இருந்தாள். வாங்கில் இருந்தவர்கள் போய்விட்டார்கள். மழை மட்டும் போகவில்லை. தை மாதம்... அப்பாவின் குடை... எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து கண்ணீராக வந்தது.

தவரூபன் நடந்துகொண்டிருந்தான். லேசர் முடிந்த கையோடு அரை மணி நேரம் நிற்காமல் நடக்க வேண்டும் என்பது டொக்டரின் கட்டளை. வெளியே மழை. ஆகவே ஸ்கேன் அறைக் கதவில் இருந்து வாவி ஜன்னல் வரைக்கும், ஜன்னலில் இருந்து கதவு வரைக்கும். அவளுடைய வாங்கு நட்ட நடுவில்.

"முடிஞ்சுது!" அவளைத் தாண்டும்போது சொன்னான். "கருவாடு சுட்ட மணம் வந்தது. மற்றப்படி ஒண்டும் தெரியல்ல."

ஜன்னலைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தான். "தங்கச்சி, அப்ப கோவத்தில கதைச்சிட்டன். மனசில வெக்காதீங்க."

கதவு வரைக்கும் போய்த் திரும்பினான். இந்தத் தடவை அவள் முகத்தைக் கண்டுவிட்டான்.

"அழுறீங்களா?"

பதில் வருவதற்குள் கால்கள் அவனை ஜன்னலுக்குக் கொண்டுபோய்விட்டன. அவசரமாகத் திரும்பினான். "நிக்கக் கூடாதாம். நடந்துகொண்டு கேக்கிறன். நீங்க சொல்லுங்க."

"எனக்கு ஏலாதாம்."

"என்ன ஏலாதாம்?" கேள்வி கதவுப் பக்கம் இருந்து வந்தது.

"லேசர்."

அவன் நடை ஒரு கணம் தடுமாறியது. பிறகு மெதுவாக வந்து, மெதுவாகத் தாண்டிப் போனான். அடுத்த சுற்றில் அவள் தானாகவே சொன்னாள், உள்ளே அடைபட்ட நரம்பைப் பற்றி. அதற்கடுத்த சுற்றில் தை மாதத்தைப் பற்றி. பிறகு முற்றத்துச் சேற்றைப் பற்றி, மாமி சொன்ன சொல்லைப் பற்றி. பக்கத்தில் இருந்து முகம் பார்த்துக் கேட்டிருந்தால் ஒரு சொல்லும் வந்திராது. ஒவ்வொரு வசனத்துக்கும் பிறகு விலகிப் போய்விடுகிறவனிடம் சொல்வது இலகுவாக இருந்தது. இத்தனை வருடத்தில் ஒருவருக்கும் சொல்லாத மெட்டிக் கதையைக்கூட, பாதியை அவன் ஜன்னலுக்குப் போகும்போதும் மீதியை அவன் திரும்பி வரும்போதும் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் வெட்கம் வந்தது.

"ஒண்டு யோசிச்சன்," என்றான் தாண்டும்போது.

ஜன்னல்.

"நீங்க அந்தக் கோட்ட அழிக்காட்டி, சின்னவர் கீறின வழியால அப்பிடியே சுட்டிருப்பாங்க."

கதவு.

"அழிச்சபடியாத்தானே பெரியவர் வந்து உள்ளுக்கப் பாத்தவர்?"

"அதால எனக்கு நல்லது நடந்திருக்கு எண்டு சொல்லப் போறீங்களா?" அவள் குரலில் அழுகையும் எரிச்சலும் கலந்து வந்தன.

அவன் ஒரு முழுச் சுற்றும் யோசித்தான். "நான் ஒண்டும் சொல்லல்ல. நான் நடக்கிறன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அரை நொடிச் சிரிப்பு. உடனே அதன் பின்னால் அழுகை இன்னும் பெரிதாக வந்தது. அவன் அந்த அரை நொடியைப் பார்த்துவிட்டான்.

அரை மணி நேரம் முடிந்ததும் வாங்கின் மறு நுனியில் வந்து இருந்தான். ஸ்டொக்கிங் பெட்டியைக் கண்டதும், "இது லேசில ஏறாது. ஆறு மாசம் போட்டு அனுபவம்," என்று சட்டைப் பையில் இருந்து கசங்கிய ஒரு பொலித்தீன் சொப்பிங் பேக்கை எடுத்தான். "முதல்ல இத பாதத்தில போடுங்க. அதுக்கு மேலால ஸ்டொக்கிங்க இழுங்க, வழுக்கிக்கொண்டு ஏறும். மறுகா விரல் பக்கத்து ஓட்டையால பேக்க உருவி எடுங்க. முக்கியமான விசயம்... காலமையில கட்டிலால இறங்க முந்திப் போடணும். இறங்கினா வீங்கிரும்."

பேக்கை வாங்கில் வைத்துவிட்டு எழுந்தான். "கல்குடாவில இருந்து வாற பஸ்தான் என்ட. சித்தாண்டியில ஏழு பத்துக்கு நிப்பாட்டுவன். முன்கதவுச் சீட் இருக்கும் உங்களுக்கு, நிருஷா."

பெயர் அவனுக்கு எப்படித் தெரியும்? நபீஸா கூப்பிட்டதைக் கேட்டிருப்பான். அவள் அதை யோசிக்கவில்லை. 'தங்கச்சி' எங்கே போனது என்றுதான் யோசித்தாள்.

மார்கழி முழுவதும் அந்தச் சீட் இருந்தது.

கல்குடாவில் ஏற்றும் பார்சல் ஒன்றை அதில் வைத்துக்கொண்டு வருவான். சித்தாண்டிச் சந்தியில் அவள் ஏறும்போது பார்சல் அவன் கைக்கு மாறும். "முன்னுக்குப் போங்க... முன்னுக்குப் போங்க..." என்று கத்திக்கொண்டே ஓரக்கண்ணால் அவளைப் பார்ப்பான். அவள் ஜன்னலைப் பார்ப்பாள். ஜன்னல் கண்ணாடியில் அவன் தெரிவான்.

"கால் எப்பிடி?"

"இருக்கு."

"கால் இருக்கிறது எனக்கும் தெரியும். எப்பிடி இருக்கு?"

"உங்கட ரோட் மாதிரி... பள்ளமும் மேடுமா."

இதற்கு ஒரு நாள் முழுவதும் சிரித்திருப்பான் போல. அடுத்த நாள் காலையிலும் முகத்தில் மிச்சம் இருந்தது. அவனுக்கு ஊர் செங்கலடி என்பதும், அக்காவின் வீட்டில் ஒரு அறையில் இருக்கிறான் என்பதும், பஸ்ஸில் பதினாறு வருடமாக நின்றபடியே ஓடுகிறான் என்பதும் இப்படித் துண்டு துண்டாகத்தான் அவளுக்குத் தெரியவந்தது. ஒரு பஸ் தரிப்பில் பாதி வசனம், அடுத்த தரிப்பில் மீதி. அவர்களுக்கு அப்படிப் பேசத்தானே பழக்கம்?

தை பிறந்தது. பொங்கல் முடிந்து மூன்றாம் நாள், அப்பா கைகால் கழுவிக்கொண்டு வந்து நிலத்தைப் பார்த்தபடி சொன்னார். "தரகர் வந்தவர் மகள். அவங்களுக்கு வேற இடம் சரிவந்திட்டாம்." அவள் "சரி அப்பா" என்றாள். அழ வேண்டும் என்று காத்திருந்தாள்; வரவில்லை. விடிந்தால் ஏழு பத்துக்கு ஒரு சீட் இருக்கிறது என்ற நினைப்புத்தான் வந்தது. அது வந்தபோதுதான் அவளுக்குப் பயம் பிடித்தது.

அந்தப் பயம் ஒரு கிழமைகூட நிலைக்கவில்லை. அதைவிடக் கெட்டது வந்தது.

அன்று பஸ்ஸில் நல்ல நெரிசல். வந்தாறுமூலைக் கம்பஸுக்குப் போகிற பிள்ளைகள், சந்தைக்குப் போகிறவர்கள். அவள் படியில் கால் வைக்கும்போது ஒரு பெண் உரத்த குரலில் கேட்பது காதில் விழுந்தது. "தம்பி, இந்தச் சீட்ட ஒவ்வொரு நாளும் ஆருக்குப் பிடிச்சு வெச்சிருக்காய்? சாமிமாருக்கு ஒதுக்கின சீட்டா?"

தவரூபன் அவள் ஏறுவதைக் காணவில்லை. ஒரு கணம் வாயைத் திறந்தான்... மூடினான். பிறகு அவசரமாகச் சொன்னான்.

"கால் ஏலாத ஆக்களுக்கு."

நிருஷா ஏறினாள். அவன் திரும்பினான், அவளைக் கண்டான், முகம் வெளிறியது. பார்சலை எடுத்தான். "இருங்க..."

"இல்ல. கால் ஏலாத ஆக்கள் வருவாங்க. அவங்களுக்கு விடுங்க."

சித்தாண்டியில் இருந்து டவுன் வரைக்கும் நின்றாள். செங்கலடியில் இறங்கினார்கள், ஏறினார்கள். ஏறாவூரில் இறங்கினார்கள், ஏறினார்கள். அந்த வெறும் சீட்டில் அவளும் இருக்கவில்லை. அவன் வேறு யாரையும் இருக்க விடவுமில்லை. ஸ்டொக்கிங்கையும் மீறிக் கால் விண் விண் என்று வலித்தது. வலிக்கட்டும் என்று நின்றாள். எல்லாருக்கும் அவள் ஒரு காலாகத்தான் தெரிந்தாள். மாமிக்கு, கிரான்காரருக்கு... இவனுக்கும். இவன் வேறு என்று எப்படி நினைத்தாள்? யார் நினைக்கச் சொன்னது?

அடுத்த நாளில் இருந்து அரசாங்கத்து இ.போ.ச. பஸ்ஸில் போனாள். அதில் முழுத் தூரமும் நிற்க வேண்டும். மாசி தொடங்கும்போது கணுக்காலுக்கு மேல் கறுத்திருந்த தோல் வெடித்து ஒரு சின்னப் புண் வந்தது. கடையில் ஒரு மூலையில் நின்றபடி, கண்ணாடியில் சீலை வைத்துப் பார்த்துச் சிரிக்கிற மணப்பெண்களுக்கு மடிப்பு எடுத்துக் கொடுத்தாள். "வடிவா இருக்கு, எடுங்க" என்றாள். வீட்டுக்கு வந்து படுத்தாள். வயிறு பசித்தது, சாப்பிட்டாள், விடிந்தது, எழும்பினாள். இனி இப்படித்தான் என்று ஒரு நாள் சோற்றைப் பிசையும்போது தோன்றியது. அதில் கோபம்கூட இல்லை.

மூன்று மாதம் முடிந்து மாசிச் சனிக்கிழமை கிளினிக். பருவம் தப்பின மழை ஒன்று வாவியின்மேல் தூறிக்கொண்டிருந்தது.

பெரிய டொக்டர் நீண்ட நேரம் பார்த்தார். கட்டி கரைந்திருக்கிறது, ஆனால் நரம்பு உள்ளே தழும்பாகிவிட்டது என்றார். லேசர் இல்லை. புண்ணுக்கு மருந்து கட்டலாம். ஸ்டொக்கிங் போட வேண்டும்.

"எவ்வளவு காலத்துக்கு சேர்?"

"காலம் முழுக்க."

புண்ணுக்கு மருந்துத் துணி கட்டி நபீஸா வெளியே அனுப்பினாள். அதே வாங்கு. ஸ்டொக்கிங்கைப் பாதத்தில் நுழைத்து இழுத்தாள், குதிக்காலில் சிக்கியது. மறுபடியும் இழுத்தாள். கைகளில் பெலன் இல்லை. மூன்றாம் தரம் இழுத்துவிட்டு, அப்படியே குனிந்தபடி இருந்துவிட்டாள். காலம் முழுக்க... ஒவ்வொரு காலையும்... தனியாக.

"பேக் கொண்டு வரல்லியா?"

நிமிரவில்லை. குரல் போதும். மூன்றாம் மாதச் சோதனைக்கு அவனும் இன்றுதான் வர வேண்டும் என்பதை மறந்தே போனாள்.

"உங்களுக்கு என்ன சொன்னார்?" என்றாள் தரையைப் பார்த்து.

"சுகமாம். இனி வரத் தேவையில்லையாம்." அதைச் சொல்ல அவன் வெட்கப்பட்டதுபோல் இருந்தது. "உங்களுக்கு?"

"சரிவராதாம். ஒரு நாளும்."

அவன் நடக்கவில்லை. நடக்கச் சொல்லி இன்று யாரும் சொல்லவுமில்லை. அவளுக்கு முன்னால் நின்றான். முதல் தடவையாக அவளைத் தாண்டிப் போகாமல் நின்றான்.

"அண்டைக்கு அந்த மனிசி சீட் ஆருக்கெண்டு கேக்கக்குள்ள... என்ட வாயில வந்தது அது இல்ல நிருஷா."

அவள் ஸ்டொக்கிங்கின் நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"என்ட பொஞ்சாதிக்கு எண்டு சொல்லத்தான் வாய் திறந்தன். மறுகா நினைச்சன், உங்களுட்ட ஒரு வார்த்த கேக்காம பஸ் நிறையச் சனத்துக்கு முன்னால அப்பிடிச் சொல்லலாமா? நாளைக்கு ஊரில உங்கட பேர் என்னாகும்? பயத்தில வாயில வந்தத சொல்லிப்போட்டன். சொன்னது உங்கட காதில விழுந்து..." அவன் குரல் உடைந்தது. "ஒரு மாசமா அந்தச் சீட்ல ஒருத்தரையும் இருக்க விடல்ல. ட்ரைவர் ஏசுறார்."

"பாவம் பாக்கிறீங்க."

"பாவம் பாத்தா சீட்ட மட்டும் தந்திருப்பன். நீங்க சொன்ன ரோட் கதைய நினைச்சு ராவில சிரிச்சிருக்க மாட்டன். எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு. அண்டைக்கு நடக்கக்குள்ளயே பிடிச்சிட்டு. ஏழாம் சுத்தா, எட்டாம் சுத்தா எண்டு மட்டும் ஞாபகம் இல்ல."

"கால் சரியாகாது தவரூபன்." அவன் பெயரை அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. "இன்னும் மோசமாகும். புண்ணும் வந்திட்டு. காலம் முழுக்க ஒவ்வொரு நாளும் இதப் போடணும்."

"தெரியும். கட்டிலால இறங்க முந்திப் போடணும். நான்தானே சொல்லித் தந்த?" சட்டைப் பையில் இருந்து கசங்கிய இன்னொரு பேக்கை எடுத்தான். தனக்குத் தேவைப்படாத ஒன்றை இன்னும் பையில் கொண்டு திரிந்திருக்கிறான். "ஆறு மணிக்குத்தான் பஸ் எடுக்கிற. அஞ்சரைக்கு உங்களுக்குப் போட்டு விட்டுட்டுப் போனா எனக்கு நேரம் காணும்."

அவளுக்கு முகம் சூடானது. கண்ணும் நிறைந்தது.

அவன் நிலத்தில் ஒரு முழங்காலை ஊன்றினான். கையை நீட்டினான், தொடவில்லை. "பிடிக்கட்டா?"

ஸ்கேன் அறைக் கதவைத் திறந்துகொண்டு வந்த நபீஸா இருவரையும் பார்த்தாள். "நான் ஒண்டும் காணல்ல," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

நிருஷா தன் காலைப் பார்த்தாள். முடிச்சு முடிச்சாக நரம்பு, கறுத்த தோல், புண்ணுக்குக் கட்டிய வெள்ளைத் துணி. ஒளிப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. மெல்லச் சீலைக் கரையைத் தூக்கிக் காலை முன்னால் நீட்டினாள்.

அவன் இரண்டு கையாலும் தூக்கித் தன் முழங்காலில் வைத்தான். குதிக்காலில் சிக்கியிருந்த ஸ்டொக்கிங்கைக் கழற்றிவிட்டுப் பேக்கைப் பாதத்தில் போட்டான். ஸ்டொக்கிங்கைச் சுருட்டி, குதியைத் தாண்டி, புண் நோகாதபடி விலத்தி, முழங்கால் வரைக்கும் ஏற்றினான். விரல் பக்கத்தால் பேக்கை உருவினான். முழுவதும் குனிந்தே செய்தான். ஒரு தரமும் முகத்தைச் சுளிக்கவில்லை; அவள் அதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இறுக்கமா இருக்கா?"

"ஓம்."

"நோகுதா?"

"ஓம்... கொஞ்சம்."

"அப்ப கால இறக்கி விடட்டா?"

அவள் வேண்டாமென்று தலையை ஆட்டினாள். கண்ணீர் அவன் கையில் விழுந்தது.

"விடாதீங்க," என்றாள்.

அவன் விடவில்லை.